சொறி பட்டால் மணல் வேண்டாம், வெந்நீர் எடுங்கள்

கேரள எல்லையை ஒட்டிய கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கடற்கரையில் சொறி என்று சொல்கிற ஜெல்லிமீன் வகை ஒன்று அவருடைய மகன் காலில் பட்டது பற்றி. பேரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கொல்லங்கோட்டுக்கும் பொழியூருக்கும் இடையில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலாண்டு விடுமுறையில் அவருடைய 12 வயது மகன், பாட்டாவோடு கரமடி இழுக்கிற இடத்துக்குப் போயிருக்கிறான். வலை கரையேறி, பெரியவர்கள் மீன் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், மணலில் ஒதுங்கிக் கிடந்த நீலப் பலூன் போன்ற ஒன்றைக் காலால் தட்டியிருக்கிறான். அதிலிருந்து நூல் போல ஏதோ கெண்டைக்காலைச் சுற்றிக்கொண்டது. பையன் போட்ட அலறலில் எல்லோரும் ஓடி வந்தார்கள். பாட்டா மணலை அள்ளித் தேய்த்தார். ஒருவர் குடிதண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தார். இன்னொருவர் எஞ்சினுக்கு வைத்திருந்த மண்ணெண்ணெயை ஊற்றினார். ஆட்டோக்காரர், பாம்புக்கடிக்குக் கட்டுவதுபோல முழங்காலுக்கு மேல் துண்டை இறுக்கிக் கட்டினார். ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் வீட்டில் இருக்கிறது, கொண்டு வரட்டுமா என்றுகூட ஒருவர் கேட்டாராம். நல்லவேளை, அது வந்து சேரவில்லை.

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி கேரளப் பக்கம். அங்கே ஆதாரைக் கேட்டுவிட்டு, "உங்க ஊர் ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாற்பது நிமிடம் கழித்துத் தமிழ்நாட்டுப் பக்கம் இன்னோர் ஆஸ்பத்திரி. அலர்ஜி ஊசி ஒன்று மட்டும் போட்டு, இரண்டு மணி நேரம் படுக்க வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். வலி அன்று இரவுதான் அடங்கியது. பதினோராம் நாள், தழும்பு ஆறி வந்த அதே இடத்தில் மறுபடி தடித்துச் சிவந்து அரிக்கத் தொடங்கியது. ஊரில் ஓர் ஆசான், அதாவது நாட்டு வைத்தியர், விஷம் ரத்தத்தில் நிற்கிறது, 41 நாள் மீனும் தேங்காயும் ஆகாது என்று சொல்லியிருக்கிறார்.

தாய் கேட்பவை இவை: விஷமுறிவு ஊசி போடாமல் விட்டது ஆஸ்பத்திரியின் தவறுதானே, வழக்குப் போடலாமா? ரத்தத்தில் விஷம் நிற்கிறதா? பையன் இரண்டு மணி நேரம் துடித்தானே, அந்த வலியைக் குறைக்க வழியே இல்லையா? இனி அவனைக் கடல் பக்கம் விடலாமா? "மாமனாரிடம் நான் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று ஒரு வரி நடுவில் இருக்கிறது. கடிதத்தின் கடைசியில், பென்சிலில், பையனும் தனியாக ஒரு கேள்வி எழுதியிருக்கிறான். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புச் சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமனார் விஷயம். மணல் தேய்த்தது தவறுதான். ஆனால் அது அவராகக் கண்டுபிடித்த தவறு இல்லை. அவருடைய அப்பாவும் அதைத்தான் செய்திருப்பார். சொறியின் கைகளை உரித்து எடுக்க, வலை இழுக்கிற மனிதனுக்குக் கைக்கெட்டும் பொருள் மணல் ஒன்றுதானே. நானும் பயிற்சி மருத்துவனாக இருந்த காலத்தில் சொறி பட்டு வந்தவர்களுக்கு ஐஸ் கட்டியைக் கொடுத்து உட்கார வைத்தவன்தான். அன்றைக்குத் தெரிந்தது அவ்வளவு. பேரனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவரும் அவர்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே பேசிவிடுங்கள்.

நீங்கள் எழுதிய அடையாளங்களைப் பார்த்தால், நீலப் பலூன், நூல் போன்ற கை, முத்துக் கோத்தது போல வரிசையாகத் தடிப்பு, இது பிசாலியா என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் போர்ச்சுகீஸ் மேன் ஓ வார் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் புளூ பாட்டில். நம் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவாகச் சொறி, கடல்சொறி என்று ஒரே பெயர்தான். அந்த ஒரே பெயரில்தான் சிக்கலும் இருக்கிறது. கொல்லம் பக்கம் மூட்டை மூட்டையாகப் பிடித்து, உப்பும் படிகாரமும் போட்டு உலர்த்தி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே, அந்தச் சொறி பட்டால் கொஞ்சம் அரிக்கும், அவ்வளவுதான். பிசாலியா பட்டால் சாட்டையால் அடித்தது போல வலிக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்து அரிது. மூன்றாவதாக, பெட்டி வடிவச் சொறி. தண்ணீரோடு தண்ணீராகக் கண்ணாடி போல் இருக்கும், மூலைக்கு மூலை கைகள் தொங்கும். அந்தக் குடும்பத்தில் சில இனங்களின் விஷம் நிமிடங்களில் இதயத்தை நிறுத்தக் கூடியது. ஆக, "சொறி பட்டது" என்பது ஒரே நோய் இல்லை.

சொறியின் கை முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத கொட்டும் செல்கள். ஒவ்வொன்றும் உள்ளே ஓர் ஊசியைச் சுருட்டி வைத்திருக்கிற சின்ன டப்பா. தோல் பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்துக்கு முன்பே ஊசி பாயும். முக்கியமான செய்தி இதுதான்: முதல் தொடுதலில் அத்தனை டப்பாவும் வெடிப்பதில்லை. பெரும்பகுதி வெடிக்காமலே தோலில் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் பட்டாசுக் காயை எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து விளையாடியிருப்பீர்கள். ஈரம் பட்டதும் படக்கென்று வெடிக்கும். நல்ல தண்ணீர் ஊற்றினால் சொறியின் டப்பாக்களும் அப்படித்தான் வெடிக்கும். மணலில் தேய்த்தால் வெடிக்கும், இறுக்கிக் கட்டினாலும் அழுத்தத்தில் வெடிக்கும். ஸ்பிரிட், சாராயம், மூத்திரம் எதுவும் உதவாது, சிலது கெடுதலும் செய்யும். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அன்றைக்குக் கரையில் செய்ததில் பெரும்பாலானவை, மிச்சமிருந்த ஊசிகளையும் பையன் காலில் ஏற்றின. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

விஷமுறிவு ஊசி பற்றி

நீங்கள் அதிகம் கோபப்பட்டிருக்கிற விஷயம் இது. இங்கேதான் உங்களை மறுக்க வேண்டியிருக்கிறது. நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிற விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கு பாம்புகளுக்கானது. குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சொறியின் விஷத்தை அது தொடக்கூடத் தொடாது. உங்கள் மகனுக்கு அதைப் போட்டிருந்தால் பயன் பூஜ்யம். கூடவே, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் ரத்த அழுத்தம் சரிந்து, மூச்சடைக்கிற அபாயத்தை வீணாக விலைக்கு வாங்கியிருப்போம். சொறிக்கென்று ஒரு முறிவு மருந்து உண்டு. அது ஆஸ்திரேலியாவில், அங்குள்ள ஒரு பெரிய பெட்டிச் சொறிக்காக மட்டும் செய்வது. பிசாலியாவுக்கு எங்கேயும் முறிவு மருந்து கிடையாது. எனவே அந்த ஊசியைப் போடாத டாக்டர் சரியாகத்தான் செய்திருக்கிறார்.

அவர்கள் விட்டது வேறு. ஒரு பக்கெட் வெந்நீர்.

வெந்நீர்: எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்

2006-ல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு. கடற்கரையில் புளூ பாட்டில் பட்டு வந்த 96 பேரில் 49 பேருக்கு 45 டிகிரி வெந்நீர், 47 பேருக்கு ஐஸ் பை. 20 நிமிடம் கழித்துக் கேட்டபோது, வெந்நீரில் இருந்தவர்களில் 100-க்கு 87 பேர் வலி குறைந்தது என்றார்கள். ஐஸ் வைத்தவர்களில் 100-க்கு 33 பேர். வித்தியாசம் அவ்வளவு வெளிப்படையாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். சொறியின் விஷம் பெரும்பாலும் புரதம். முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் மாறுவது போல இதுவும் சூட்டில் குலைந்து வீரியம் இழக்கிறது என்பதே விளக்கம்.

"நல்ல தண்ணீர் ஆகாது என்றீர்களே, வெந்நீரும் நல்ல தண்ணீர்தானே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் கடல் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கழுவ வேண்டும். தேய்க்காமல் ஊற்ற வேண்டும். ஒட்டியிருக்கிற நூல்களை முள்வாங்கியால் ஒவ்வொன்றாகத் தூக்கி எடுக்க வேண்டும். முள்வாங்கி இல்லையென்றால் கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு எடுக்கலாம். ஏடிஎம் கார்டால் வழித்து எடுக்கலாம் என்று முன்பு சொல்வார்கள். வழித்தால் அழுத்தம், அழுத்தினால் ஊசி, எனவே அதை விட்டுவிட்டோம். நூல் போன பிறகுதான் வெந்நீர். ஒன்றிரண்டு டப்பா மிச்சமிருந்து வெடித்தாலும், சூடு செய்கிற நன்மை அதைவிடப் பெரிது.

வீட்டில் எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன், ஏனென்றால் தவறாகச் செய்தால் சொறியை விட வெந்நீர் பெரிய புண்ணாக்கும். ஒரு பக்கெட்டில் சாதாக் குழாய்த் தண்ணீர் நான்கு செம்பு. அதில் கொதிக்கிற தண்ணீர் ஒரு செம்பு. அதே கணக்கில் எத்தனை செம்பு வேண்டுமோ அத்தனை. கலக்கினால் ஏறக்குறைய 43, 44 டிகிரி வரும். முதலில் உங்கள் கையை மணிக்கட்டுக்கு மேல் வரை உள்ளே விடுங்கள். 30 எண்ணும் வரை இழுத்துக்கொள்ளாமல் வைக்க முடிந்தால் சரி. முடியவில்லையென்றால் பிள்ளைக்கும் வேண்டாம், கொஞ்சம் விளாவுங்கள். பிள்ளையின் கால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதால், சூடு அதிகமானாலும் அவனுக்குத் தெரியாது. அளவுகோல் எப்போதும் அடிபடாத ஒருவருடைய கைதான். கால் முழுக்க மூழ்க வேண்டும், 20 நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை வெளியே எடுத்துவிட்டு, கொஞ்சம் கொதிநீர் சேர்த்து, கலக்கி, மறுபடி கை விட்டுப் பார்த்துக் காலை வையுங்கள். கால் உள்ளே இருக்கும்போது ஊற்றவே கூடாது. வெளியே எடுத்ததும் வலி திரும்பினால் இன்னொரு 20 நிமிடம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போன பெரியவர்களுக்கு இதைத் தனியாகச் செய்ய விடாதீர்கள்.

வெந்நீருக்கு வழியே இல்லாத இடத்தில் ஐஸ் இரண்டாம் பட்சம். பிளாஸ்டிக் பையில் கட்டி, உருகிய தண்ணீர் தோலில் சொட்டாமல் வைக்க வேண்டும். தங்கு கடலுக்குப் போகிறவர்கள் ஐஸ் பெட்டியைத்தான் முதலில் திறக்கிறார்கள். படகில் கஞ்சி வைக்கிற அடுப்பு இருக்கிறதே, அதில் ஒரு சட்டி தண்ணீர் வைத்தால் போதாதா?

வலி மாத்திரையும் சேர்த்தே கொடுக்கலாம். குழந்தைகளுக்குப் பாராசிட்டமால், எடையில் ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் கணக்கு. 30 கிலோ பையனுக்கு 450 மில்லிகிராம். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நான்கு தடவைக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது. இதற்கும் அடங்காத வலிக்கு ஆஸ்பத்திரியில் வலுவான மருந்து உண்டு, கேட்டு வாங்குங்கள். அலர்ஜி ஊசி அரிப்புக்கு உதவும், வலியை அது தொடாது. உங்கள் பையன் இரண்டு மணி நேரம் துடித்ததற்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும். "சொறிதானே, தானா சரியாகும்" என்று வலியைப் பொருட்படுத்தாமல் விடுகிற பழக்கம் எங்களிடம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

வினாகிரியும் ரப்பர் ஆசிட்டும்

உங்கள் வீட்டு அடுக்களையில் வினாகிரி, அதாவது வினிகர், நிச்சயம் இருக்கும். அதைப் பற்றி மருத்துவர்களே இரண்டு கட்சி. பெட்டிச் சொறிக்கு வினாகிரி நல்லது என்பதில் சண்டை இல்லை. வெடிக்காத டப்பாக்களை அது அடக்கிவிடும். பிசாலியாவுக்கு வேண்டாம் என்பது ஆஸ்திரேலிய வழிமுறை. 2017-ல் வந்த ஓர் ஆய்வுக்கூட ஆய்வு, அதற்கும் நல்லதுதான் என்றது. நான் சொல்வது இது: நீலப் பலூனைக் கண்ணால் பார்த்திருந்தால் கடல் தண்ணீர், அப்புறம் நேரே வெந்நீர். என்ன பட்டது என்றே தெரியவில்லை, அல்லது தழும்பு ஏணிப்படி போலக் குறுக்குக் கோடுகளோடு அகலமாக இருக்கிறது என்றால், முதலில் 30 விநாடி வினாகிரியைத் தாராளமாக ஊற்றுங்கள், பிறகு மற்றது. கடையில் விற்கிற சமையல் வினாகிரி போதும். கண்ணில் மட்டும் படக்கூடாது. அது வலி மருந்து இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இனி ஊசி பாயாமல் தடுக்கும், பாய்ந்ததை ஒன்றும் செய்யாது.

ரப்பர் ஷீட்டுக்கு ஊற்றுகிற ஆசிட்டைக் கொண்டுவர நினைத்தவர் இந்த வினாகிரிக் கதையைத்தான் எங்கோ அரைகுறையாகக் கேட்டிருப்பார். இரண்டும் புளிக்கும், இரண்டும் ஆசிட் என்ற கணக்கு. ரப்பருக்குப் பெரும்பாலும் பயன்படுவது பார்மிக் ஆசிட். கேனில் இருப்பது கெட்டியானது, தோலை வேக வைத்து உரித்துவிடும். விளவங்கோடு தாலுகாவில் அந்த கேன் இல்லாத வீடு குறைவு என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். சொறி பட்ட இடத்தில் அது ஒரு சொட்டுகூட வேண்டாம்.

எப்போது ஓட வேண்டும்

வெந்நீர் வைத்துக்கொண்டு வீட்டில் உட்காரக் கூடாத நிலைமைகள் உண்டு. மூச்சு வாங்குதல், நெஞ்சு வலி, மயக்கம், உதடும் முகமும் வீங்குதல், ஓயாத வாந்தி, உடம்பெல்லாம் தசை பிடித்து இழுத்தல். கையிலோ காலிலோ பாதிக்கு மேல் தழும்பு. முகம், கழுத்து, கண், பிறப்புறுப்பு. சின்னக் குழந்தை, கர்ப்பிணி, இதய நோயாளி. இவற்றில் எது இருந்தாலும் 108. சில சொறிகளின் விஷம் அரை மணி நேரம் கழித்துத்தான் முதுகு வலி, வியர்வை, படபடப்பு என்று வேலையைக் காட்டும். எனவே வலி குறைந்துவிட்டது என்று உடனே தனியாக விளையாட அனுப்பாதீர்கள், ஒரு மணி நேரமாவது கண்ணில் வையுங்கள். பேச்சு மூச்சில்லாமல் விழுந்தவருக்கு வினாகிரியும் வேண்டாம் வெந்நீரும் வேண்டாம், நெஞ்சை அழுத்துகிற முதலுதவிதான் முதலில்.

கண்ணில் பட்டால் நிறையச் சுத்தமான தண்ணீரோ சலைனோ விட்டுக் கழுவி, கண் டாக்டரிடம் போக வேண்டும். வலை வேலை செய்கிறவர்களுக்கு இது அதிகம் நேரும். காய்ந்த வலையை உதறும்போது, அதில் ஒட்டிக் காய்ந்த சொறித் தூள் பறந்து கண்ணிலும் மூக்கிலும் ஏறும், தும்மல் அடுக்கடுக்காக வரும். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று உதறச் சொல்லுங்கள் மாமனாரிடம்.

எல்லையில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று. 108-ஐ அழைத்ததும் ஊர்ப் பெயரோடு மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் செல்போன் எந்தப் பக்கத்து டவரைப் பிடித்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது.

அந்த முதல் ஆஸ்பத்திரி

அவசர நிலையில் வந்தவருக்கு முதலில் சிகிச்சை கொடுப்பது ஒவ்வொரு மருத்துவரின் கடமை, அரசு ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி என்ற வேறுபாடு இல்லை என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆதார் எந்த மாநிலத்தது என்று பார்த்துவிட்டு, அலறிக்கொண்டிருக்கிற பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அனுப்பியது தவறு. இதில் உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நஷ்ட ஈட்டு வழக்கு என்று போனால், அந்த நாற்பது நிமிடத் தாமதத்தால் பிள்ளைக்கு நிரந்தரமாக என்ன பாதிப்பு என்று கேட்பார்கள். நல்லபடியாக, அப்படி ஒன்றும் இல்லை. நான் வக்கீல் இல்லை, வழக்கு பலமா பலவீனமா என்பதை ஒரு வக்கீலிடம் கேளுங்கள். என் யோசனை, தேதி, நேரம், யார் என்ன சொன்னார்கள் என்று எழுதி ஆஸ்பத்திரி கண்காணிப்பாளருக்குப் புகாராக அனுப்புங்கள், பெற்றுக்கொண்ட ரசீதை வைத்திருங்கள். அடுத்த முறை யாராவது "உங்க ஊருக்குப் போங்க" என்றால், "முதலில் பாருங்கள், அவசரம் என்று எழுதிக்கொள்ளுங்கள்" என்று அழுத்திச் சொல்லுங்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்ற வார்த்தைக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு மரியாதை உண்டு.

பதினோராம் நாள் வந்த தடிப்பு

இது விஷம் நிற்பதால் வருவது இல்லை. சொறியின் விஷம் வாரக்கணக்கில் ரத்தத்தில் தங்காது. அன்று தோலில் புகுந்த புரதத்தை உடம்பு அடையாளம் வைத்துக்கொண்டு, ஒன்றிரண்டு வாரம் கழித்து அந்த இடத்திலேயே எதிர்ப்பைக் காட்டுகிறது. தாமதமாக வருகிற அலர்ஜி என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கப் பயமாக இருக்கும், ஆபத்து இல்லை. குறைந்த வீரிய ஸ்டீராய்டு களிம்பு, அதாவது ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம், காலையும் மாலையும் மெல்லிய பூச்சாக ஒரு வாரம். இரவு அரிப்பில் தூக்கம் கெட்டால் செட்ரிசின், அளவை உங்கள் டாக்டர் சொல்லட்டும். மருந்துக் கடையில் போய், "அரிப்புக்கு ஒரு களிம்பு" என்று கேட்காதீர்கள். மூன்று நான்கு மருந்தைச் சேர்த்த கலவைக் களிம்பைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அது இந்தத் தோலுக்கு வேண்டாதது. சீழ் பிடித்தாலோ, சிவப்பு பரவிக் காய்ச்சல் வந்தாலோ உடனே காட்டுங்கள். அப்படி இல்லாதவரை ஆன்ட்டிபயாட்டிக் தேவையில்லை. பத்து வயதில் போடுகிற டிடி தடுப்பூசி போட்டிருந்தால் டெட்டனஸ் ஊசியும் மறுபடி வேண்டாம். கோடு கோடாகக் கருத்த தழும்பு சில மாதம் இருக்கும். சொறியாமலும் வெயில் படாமலும் பார்த்துக்கொண்டால் மெல்ல மங்கும்.

ஆசான் மீது எனக்கு மரியாதைக் குறைவு இல்லை. சுளுக்குக்கும் எலும்பு விலகலுக்கும் நம் ஊரில் அவர்களிடம் போய்க் குணமானவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இந்தப் பத்தியத்துக்குக் காரணம் எதுவும் இல்லை. கடற்கரைப் பிள்ளைக்கு 41 நாள் மீனும் இல்லை தேங்காயும் இல்லை என்றால், அப்புறம் சோற்றுக்கு என்ன வைப்பீர்கள்? கொடுங்கள், சாப்பிடட்டும்.

மறுபடி கடலுக்கு

விடலாம். ஒருமுறை பட்டதால் அடுத்த முறை உயிர் போகும் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தியிருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படி நேர்வதில்லை. ஆனால் தாமத அலர்ஜி வந்த பிள்ளை என்பதால், அடுத்த முறை பட்டால் தடிப்பு கொஞ்சம் அதிகமாக இருக்கலாம், மூச்சுத் திணறல் வருகிறதா என்று கவனமாகப் பார்க்க வேண்டும். மழைக்காலக் காற்று கரையை நோக்கி அடிக்கிற நாட்களில் நீலப் பலூன்கள் ஒதுங்கும். ஒன்று கிடந்தால் பின்னால் பத்து வரும் என்று வைத்துக்கொண்டு அன்றைக்குத் தண்ணீரில் இறங்க வேண்டாம். கரமடிப் பக்கம் போகும்போது முழுக்கால் சட்டை, காலில் செருப்பு. பாட்டாவின் பையில் ஒரு முள்வாங்கி, ஒரு சின்னப் பாட்டில் வினாகிரி. நல்ல பிளாஸ்கில் கொதிநீர் ஊற்றிக் கொடுத்தால் மதியம் வரை சூடு நிற்கும்.

இனி பையனின் கேள்வி. அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "நான் தட்டும்போது அது செத்துப் போய்தான் கிடந்தது டாக்டர். செத்தது எப்படிக் கொட்டும்?"

தம்பி, நல்ல கேள்வி. கொட்டுவதற்கு உயிர் இருக்க வேண்டும் என்று நினைக்கிறாய். சொறிக்கு வேண்டாம். அதற்கு மூளையே கிடையாது, "இவனைக் கொட்டு" என்று உத்தரவு போட ஆள் இல்லை. ஒவ்வொரு டப்பாவும் தன்னைத் தொட்டதும் தானே வெடிக்கிறது. உடம்பு செத்துக் கரையில் ஒதுங்கிய பிறகும் டப்பாக்கள் நாள்கணக்கில் காத்துக் கிடக்கும். அறுந்து மிதக்கிற ஒரு துண்டு நூல்கூடக் கொட்டும். இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டாய். நீ தட்டியது ஓர் உயிரே இல்லை. மிதக்கிற பலூன் ஓர் உயிர், இரை பிடிக்கிற கை வேறு உயிர், ஜீரணம் செய்கிற பகுதி வேறு உயிர். எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒன்றாகப் பிழைக்கிற கூட்டம் அது. அந்த நூல்கள் பத்து மீட்டருக்கு மேலும் நீளும். அதனால் பலூன் தூரத்தில்தானே கிடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்க்காதே. அடுத்த முறை கண்டால் காலால் தட்டாமல் பாட்டாவைக் கூப்பிடு. நீண்ட குச்சியால் மணலில் குழி தோண்டி அவர் புதைத்துவிடுவார்.